ஸ்கேன் போடாமலே "ஈசியு போச்சு"ங்கறாங்களா, சாவிய வாங்கிட்டு கெளம்புங்க

பெங்களூர்ல எஃப்ஐ பைக், அதாவது ஈசியுங்கற குட்டி கம்ப்யூட்டர் கணக்கு போட்டு இன்ஜெக்டர் வழியா பெட்ரோல் விடற பைக், வச்சிருக்க எல்லாரும் கொஞ்சம் படிச்சிருங்க. அல்சூர் பக்கம் ஒரு மல்டி பிராண்ட் கேரேஜ், பேரு போடல, அப்பறம் யாரு அலையறது.

என் வண்டி பிஎஸ்6, அதாவது 2020 ஏப்ரலுக்கு அப்பறம் வந்த மாடல், கார்புரேட்டர்லாம் கெடையாது. நல்ல மழை பேஞ்ச அன்னிக்கு சில்க் போர்டு சிக்னல்ல நிக்கும்போது ஐடிலிங் எறங்கி எறங்கி ஆஃப் ஆகுது, மீட்டர்ல மஞ்ச கலர் என்ஜின் லைட்டு வேற எரியுது. கேரேஜுக்கு தள்ளிட்டு போனா அந்தண்ணன் "வாங்க தம்பி, எந்த ஊரு"ன்னு ஆரம்பிச்சு, தர்மபுரின்னதும் டீயெல்லாம் சொல்லி ஒரே பாசம். ஸ்கேனர் போட்டு பாருங்கண்ணான்னா, "அதெல்லாம் எதுக்கு, சவுண்ட கேட்டாலே தெரியும், ஃப்யூல் பம்பு வீக்கு, இன்ஜெக்டர்ல அடைப்பு"ங்கறாரு. பம்பு புதுசு, இன்ஜெக்டர் கிளீனிங், லேபர், எல்லாம் சேத்து 6,800 ரூவா. லைட்டு போயிருச்சு, நானும் சந்தோஷமா வந்துட்டேன். மறுநாளே ஹெச்எஸ்ஆர் தாண்டறதுக்குள்ள மறுபடி எரியுது. திரும்பி போனா "அப்போ ஈசியு தான் தம்பி, பதினஞ்சாயிரம் ஆகும், உங்களுக்குன்னா பன்னெண்டு"ங்கறாரு. உங்களுக்குன்னாவாம்! அப்ப தான் பாக்கறேன், டேபிள் மேல ஸ்கேனர் கெடக்கு. ஃபால்ட்ட பாக்க இல்ல, எங்க கோளாறுன்னு வண்டி சேத்து வைக்கற எரர் கோட அழிச்சு லைட்ட அணைக்க மட்டும்.

அங்கருந்து ஸ்ரீராமபுரத்துல ஒரு பெரியவர்கிட்ட போனேன். தொடறதுக்கு முன்னாடியே ஸ்கேன் போட்டாரு, வந்த எரர் கோடு பி0107. மேப் சென்சர்லருந்து வர்ற வோல்டேஜ் கம்மின்னு அர்த்தம். என்ஜினுக்குள்ள போற காத்தோட பிரஷர அந்த சென்சர் சொன்னா தான் எவ்ளோ பெட்ரோல் விடணும்னு ஈசியு கணக்கு போடும், அது தப்பா சொன்னா ஐடிலிங் நிக்காது. கனெக்டர கழட்டி காட்டுனாரு, ஒரு பின்னு முழுக்க பச்சையா பூத்துப்போய் கெடக்கு. கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, பிரஷ் போட்டு தேச்சு, கிரீஸ் தடவி மாட்டுனாரு, 350 ரூவா, முடிஞ்சுது. பம்பு வீக்கானா இந்த கோடு வரவே வராதுப்பான்னாரு.

சரி புது பம்பாவது மிச்சம்னு நெனச்சா, டேங்க தூக்கி பம்பு பிளேட்ட காட்டறாரு. போல்ட்டு மேல கம்பெனில போட்ட மஞ்ச பெயின்ட் மார்க்கு ஒரு எடத்துல கூட ஒடையல. ஸ்பேனரே படாத போல்ட்டுக்கு கீழ புது பம்பு எப்டி போகும்? வயிறு எரிஞ்சுது.

இனிமே எங்க விட்டாலும் எரர் கோட ஸ்கிரீன்ல பாத்து போட்டோ எடுத்துக்கங்க, எதையாவது அழிக்கறதுக்கு முன்னாடியே. மாத்துன பழைய பார்ட்ட கையில வாங்காம காசு எடுக்காதீங்க. பம்புன்னு சொன்னா கீ ஆன் பண்ணி கேளுங்க, ரெண்டு செகண்ட் ங்ங்ஙுன்னு சத்தம் வரணும், அப்பவும் சந்தேகம்னா ஃப்யூல் பிரஷர் கேஜ் மாட்ட சொல்லுங்க, நெறைய வண்டில 3 பார் கிட்ட நிக்கும். பேட்டரியயும் பாக்க சொல்லுங்க, 12 வோல்ட்டுக்கு கீழ போனா எஃப்ஐ வண்டி என்னென்னமோ பண்ணும். வாட்டர் வாஷ்ல சீட்டுக்கு அடியில பிரஷர் கன்ன நீட்டுனா உடனே நிறுத்துங்க, கனெக்டர் பூக்கறதே பாதி அதனால தான்.

அல்சூர் அண்ணன்கிட்ட போல்ட்டு போட்டோவோட போய் கேட்டதுக்கு "ரெண்டாயிரம் வச்சுக்கங்க, பிரச்சன வேணாம்"ங்கறாரு. பில்லு கேட்டா ஜிஎஸ்டி நம்பர் இல்லாத துண்டு சீட்டு. காசு வாங்கல, 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல அந்த சீட்டு, போல்ட்டு போட்டோ எல்லாத்தயும் வச்சு கம்ப்ளைன்ட் போட்டாச்சு, பதில் வந்ததும் சொல்றேன்.