ஈரப்பத எண்ணை நம்பாதீர்கள்: தானியங்கி இன்குபேட்டருடன் சில ஆண்டுகள்

அறுபது முட்டை கொள்ளும் தானியங்கி இன்குபேட்டரின், அதாவது அடைக்கோழி இல்லாமலே முட்டை பொரிக்கும் பெட்டியின், விலை அண்மையில் நன்றாக இறங்கியிருக்கிறது. அதைப் பார்த்த என் மைத்துனர், "மாமா, நீங்கள் வைத்திருக்கும் அதே பெட்டியை நானும் வாங்கலாமா?" என்று பொள்ளாச்சியிலிருந்து கேட்டார். அவர் கேட்ட நேரம்தான் சரியில்லை. ஈரப்பதம் அளக்கும் சென்சாரை இரண்டாவது முறையாக மாற்றிவிட்டு, அதற்கான பணத்தை மெக்கானிக்கிடம் எண்ணிக் கொடுத்த வாரம் அது. ஆகவே இதைப் படிப்பவர்கள் என் எரிச்சலுக்கு ஓரளவு தள்ளுபடி கொடுத்தே படிக்க வேண்டும்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். முட்டைக்கு வேண்டிய 37.5 டிகிரி வெப்பத்தை இந்தப் பெட்டி அசையாமல் பிடித்து வைக்கிறது. மின்சாரம் போனால் 12 வோல்ட் பேட்டரிக்குத் தானே மாறிக்கொள்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தட்டைச் சாய்த்து முட்டைகளைத் திருப்பும் மோட்டார் இதுவரை தகராறு செய்ததில்லை. 18ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி, முட்டைகளைப் படுக்கவைத்துவிட்டால், 21ஆம் நாள் குஞ்சுகள் ஏறத்தாழ ஒன்றாகவே வெளியே வருகின்றன. ஒரே வயதுக் குஞ்சுகள் கிடைப்பதன் அருமை தடுப்பூசி போடும் நாளில்தான் தெரியும். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான லசோட்டா மருந்து நூறு குஞ்சுகளுக்கான குப்பியாகத்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் கண்ணில் சொட்டுவிட்டு முடித்துவிட வேண்டும். அடைக்கோழி பொரிக்கும் பத்துக் குஞ்சுக்காக ஐஸ் பெட்டியில் மருந்தைச் சுமந்து வந்து, மீதியைக் கொட்டும்போது மனது கேட்பதில்லை. ஐம்பது குஞ்சுகள் இருந்தால் அந்த அலைச்சலுக்குப் பொருள் உண்டு.

இனி, விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்த அந்தத் 'தானியங்கி ஈரப்பதக் கட்டுப்பாட்டுக்கு' வருகிறேன். முட்டைக்குள் இருக்கும் நீர் ஓட்டின் நுண்துளைகள் வழியாகச் சிறுகச் சிறுக ஆவியாக வேண்டும். அப்போதுதான் முட்டையின் அகன்ற முனையில் காற்றறை போதுமான அளவுக்குப் பெருகும். முதல் 18 நாட்கள் 50 முதல் 55 விழுக்காடும், கடைசி மூன்று நாட்கள் 65 முதல் 70 விழுக்காடும் ஈரப்பதம் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அந்தக் கணக்கைக் காற்றுதான் முடிவு செய்கிறது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று ஈரத்தைச் சுமந்து வருவதால் பெட்டியில் தண்ணீர் அதிகம் தேவைப்படாது. மார்கழியில் அதே கணவாயில் கிழக்கிலிருந்து வீசும் காற்று உதட்டை வெடிக்க வைக்கும் வறட்சியுடையது. வெளியே 30 டிகிரி வெப்பத்தில் 40 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றை 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே காற்று சுமார் 26 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் பெட்டிக்குள் புகைபோல் நீர்த்துளி கக்கும் ஒரு சிறு கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள்.

அங்கேதான் வினை தொடங்குகிறது. எங்களுக்கு வாய்த்திருப்பது ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். அந்தக் கருவி தண்ணீரை ஆவியாக்குவதில்லை. துளிகளாக உடைத்து, உப்போடு சேர்த்துக் காற்றில் எறிகிறது. துளி உலர்ந்ததும் உப்பு வெண்தூசியாகிப் பெட்டியின் சுவரிலும் மின்விசிறியிலும் சென்சாரின் மேலும் படிகிறது. கையேட்டிலோ 'தண்ணீர் நிரப்பவும்' என்று ஒற்றை வரி மட்டுமே இருக்கிறது. எந்தத் தண்ணீர் என்று இன்னொரு வரி சேர்த்திருந்தால் விற்பனை குறைந்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. உப்பேறிய சென்சார் 55 என்று காட்டிக்கொண்டிருந்த மார்கழியில், ஓட்டைக் கொத்தித் துளைபோட்ட குஞ்சுகள் பாதி வழியில் நின்றன. உள்சவ்வு காகிதமாகக் காய்ந்து அவற்றின் தூவல்மேல் ஒட்டியிருந்தது. அலகின் நுனியில் கடுகளவு இருக்கும் வெள்ளை முட்டைப்பல் அந்தத் துளையில் தெரிந்துகொண்டே இருந்தும், குஞ்சால் உள்ளே சுழன்று ஓட்டை வெட்ட முடியவில்லை.

சென்சார் பொய் சொல்கிறதா என்று பார்க்க வீட்டிலேயே வழி இருக்கிறது. ஒரு சிறு மூடியில் தூள் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் ஈரமாகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, சென்சாரோடு சேர்த்துக் காற்றுப் புகாத கவரில் சில மணி நேரம் அடைத்து வைத்தால், உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிற்கும். என் சென்சார் அப்போது 88 காட்டியது. புதிதாகப் போட்டது 76 காட்டியது. சில ஈடுகளுக்குப் பிறகு (ஒரு முறை பெட்டியில் வைக்கும் முட்டைகள் ஓர் ஈடு) அதுவும் பழையதன் வழிக்கே போய்விட்டது. உத்தரவாதம் சென்சாருக்குப் பொருந்தாது என்று கடையில் சொன்னார்கள்.

இதோடு அலாரம் வேறு. குஞ்சுகள் ஈர உடம்போடு வெளியே வரும்போது பெட்டிக்குள் ஈரப்பதம் ஏறுவது இயல்பு. பெட்டி அதை ஆபத்து என்று எண்ணி நள்ளிரவில் வீடு முழுவதையும் எழுப்புகிறது. ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சுகள் கீச்சிட்டுக் கூப்பிடும் சத்தத்தைக் கேட்பதற்காகவே அந்த இரவுகளில் நான் பக்கத்தில் படுப்பேன். அந்தச் சுகத்தையும் இந்த ஊளை கெடுத்துவிட்டது. இப்போது நீர்த்துளிக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, அலுமினியத் தட்டில் தண்ணீர் வைக்கிறேன். தட்டில் உப்பு அடியிலேயே தங்கிவிடும். ஈரப்பதம் போதவில்லை என்றால் ஆழமான தட்டு வைத்துப் பயனில்லை, அகலமான தட்டுதான் வேண்டும். சரிபார்ப்பதற்கு, சமையலறை எடைத்தராசில் முட்டைத் தட்டை வாரம் ஒரு முறை நிறுக்கிறேன். 40 கிராம் நாட்டுக்கோழி முட்டை 18ஆம் நாளில் 35 கிராமுக்கு வந்திருந்தால் எல்லாம் சரி. அதற்கும் கீழே போனால் தட்டை அகலமாக்க வேண்டும், மேலே நின்றால் குறைக்க வேண்டும். இந்த முறைக்கு மாறிய பிறகு, கரு கூடிய முட்டைகளில் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகும் குஞ்சுகள் மிகவும் குறைந்துவிட்டன.

மைத்துனர் இவ்வளவையும் கேட்டுவிட்டு, அப்படியானால் பெட்டி நல்ல பெட்டிதானே என்றார். அவருக்கு ஏன் தேவை என்பதும் எனக்குப் புரிகிறது. குட்டநாட்டு வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தவுடன் வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் சோதனைச் சாவடியில் கோழி, குஞ்சு, முட்டை எதையும் தமிழ்நாட்டுக்குள் விடமாட்டார்கள். என் குஞ்சுகளை நம்பி அவர் பண்ணையை நடத்த முடியாது. ஆனாலும் நான் சொன்னது ஒன்றுதான்: "வேண்டாம் மாப்பிள்ளை. வெப்பத்தைக் கட்டுப்படுத்தி முட்டையைத் திருப்பும் சாதாரணப் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள், மிச்சப் பணத்தில் ஒரு நல்ல எடைத்தராசு வாங்குங்கள்." அப்படியென்றால் உங்கள் பெட்டியைப் பழைய பொருள் விலைக்கு எனக்குக் கொடுத்துவிடுகிறீர்களா என்று அடுத்து கேட்டார். அதற்குள் இருக்கும் ஈடு பொரிக்கட்டும், பிறகு பேசலாம் என்றேன். அது பொரித்துவிட்டது, அடுத்த ஈட்டையும் நேற்றே வைத்துவிட்டேன்.