14 அங்குல கரி கிரில்: சுடச் சுமார், புகை போட அருமை

மூன்று கால், கிண்ணம் மாதிரி ஒரு அடிப்பாகம், மேலே குமிழ் மூடி. ஆன்லைனில் 2,400 ரூபாய்க்கு வாங்கிய கரி கிரில் இது. ஆறு மாதமாக வைத்திருக்கிறேன்.

வெறும் கிரில்லாகக் கேட்டால் சுமார்தான். கம்பித் தட்டின் முலாம் மூன்றாம் முறையே உரிய ஆரம்பித்தது. அது கறியில் ஒட்டும் என்பதால் எவர்சில்வர் கம்பியில் வேறு தட்டு செய்துகொண்டேன். கால் திருகுகள் சூட்டில் தளர்கின்றன. மூடியில் இருக்கிற வெப்பமானியை நம்பவே கூடாது. சேலத்தில் தண்ணீர் 99 டிகிரியில் கொதிக்கும். அந்தத் தண்ணீரில் அதன் முனையை வைத்தால் 120 காட்டுகிறது.

ஆனால் இரண்டு விஷயத்தைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். அடியில் இரண்டு காற்றுத் துளை, மூடியில் ஒன்று, மூன்றையும் வேண்டிய அளவுக்குத் திறந்து மூடலாம். கிண்ணத்தின் விளிம்பும் கோணாமல் நல்ல வட்டம். மெல்லிய சூட்டிலும் மரப் புகையிலும் கறியை மணிக்கணக்கில் வேகவைக்கிற புகை அடுப்பு செய்ய எனக்கு வேண்டியிருந்தது இவைதான்.

இதே கிரில்லில் அப்படியே புகை போட்டுப் பார்த்தேன். இடம் போதவில்லை. தணலுக்கும் கறிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லாததால் அடிப்பக்கம் கருகி, மேல்பக்கம் வேகாமல் நின்றது. அப்புறம்தான் வீட்டில் சும்மா கிடந்த எவர்சில்வர் அரிசி டிரம் ஞாபகம் வந்தது. அளந்தால் அதே 14 அங்குலம். அடியை அறுத்துவிட்டால் கிண்ணத்தின் மேல் உட்காரும், கிரில் மூடி அதன் மேல் உட்காரும்.

உருக்காலை இருக்கிற ஊரில் எவர்சில்வர் அறுக்க ஆள் தேட வேண்டியதில்லை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்தேன். “ஏனுங்க, இவ்வளவு நல்ல டிரம்ம அறுக்கச் சொல்றீங்களே, ஜிஐ தகட்டுல உருட்டித் தர்றனுங்க, பாதி விலைதான்” என்றார் பட்டறை அண்ணன். வேண்டாம் என்றேன். ஜிஐ தகட்டில் இருப்பது துத்தநாகப் பூச்சு. அதிகச் சூட்டில் அது நச்சுப் புகை விடும். தீனி வேகிற இடத்தில் அதற்கு வேலையில்லை. விஷயத்தைச் சொன்னதும் உடனே புரிந்துகொண்டு, அடியை அறுத்து, ஓரத்தை வழவழவென்று தேய்த்து, உள்ளே இரண்டு அடுக்குக்கு எட்டு எவர்சில்வர் போல்ட்டும் போட்டுக் கொடுத்தார். கூலி 450 ரூபாய். கீழ் அடுக்கில் தண்ணீர்த் தட்டு, மேல் அடுக்கில் கறி.

கிண்ணமும் டிரம்மும் சேரும் இடத்தில் மெல்லிய இடுக்கு இருந்தது. காற்று கட்டுக்குள் இல்லாவிட்டால் சூடும் கட்டுக்குள் வராது. தம் பிரியாணிக்கு ஒட்டுகிற மாதிரி கோதுமை மாவைப் பிசைந்து சுற்றிலும் ஒட்டினேன். ஐந்து மணி நேரமும் அசையவில்லை. எண்ணெய்ப் பிசுக்கும் பெயின்ட் வாடையும் போக, முதல் முறை வெறும் கரியை மட்டும் போட்டு நன்றாக எரித்துவிட வேண்டும்.

தீ மூட்டுவதில்தான் பாதி வித்தை. கிண்ணத்தில் ஒரு கிலோ பற்றாத கரியைக் குவித்து, நடுவில் நன்றாகக் கனிந்த ஏழெட்டுக் கங்கை மட்டும் வைக்கிறேன். அது மெல்ல மெல்லப் பக்கத்துக் கரியைப் பிடிக்கும். மேல்துளையை முழுதாகத் திறந்துவிட்டு, கீழ்த்துளையால் மட்டும் சூட்டை 110-லிருந்து 130-க்குள் பிடிக்க வேண்டும். நான் வாங்குவது சீமைக்கருவேலங்கரி. டெக்சாஸில் மெஸ்கீட் என்று சொல்லிக் கறிக்குப் புகை போடுகிறார்களே, அது இந்த வேலிக்காத்தானுக்கு நெருங்கிய சொந்தம்.

வாசத்துக்குக் காபிக் கட்டை. ஏற்காட்டில் மாமனார் வீட்டுத் தோட்டத்தில் கவாத்து செய்த கிளைகளைக் கூரைக்குக் கீழே மாதக்கணக்கில் காயப்போட்டு, கை முஷ்டி அளவு துண்டுகளாக்கி வைத்திருக்கிறேன். மூன்று துண்டு போதும். முதலில் வெள்ளையாகக் குபுகுபுவென்று வரும். அந்தப் புகையில் கறியை வைத்தால் கசக்கும். கால் மணி நேரம் பொறுத்தால் மெலிந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலமாகப் போகும். அப்போதுதான் கோழியை உள்ளே வைக்க வேண்டும்.

லிட்டருக்கு 50 கிராம் உப்புப் போட்ட தண்ணீரில் இரவு முழுக்க ஊறிய ஒன்றேகால் கிலோ பிராய்லர். மேலே மிளகும் மஞ்சளும் மட்டும். மூன்று மணி நேரத்தில் தொடைச் சந்தில் 74 டிகிரி வந்துவிட்டது. தோல் தேன் நிறம். பிட்டால் தோலுக்கு அடியில் நூல் கனத்துக்கு இளஞ்சிவப்பு வளையம். அது வேகாத கறி இல்லை, புகை இறங்கிய அடையாளம். நாட்டுக்கோழி இதற்குச் சரிப்படவில்லை, இறுகிப்போகிறது. மேட்டூர் கட்லா துண்டுகள் ஒரு மணி நேரத்தில் பிரமாதமாக வந்தன.

ஏற்காட்டுப் பனிக்காற்றில் கரி கூடுதலாகத்தான் பிடிக்கிறது, சேலத்து மொட்டைமாடியைவிடக் கால் கிலோ அதிகம். குளிருகிறதே என்று அடுப்பை அறைக்குள் மட்டும் தூக்கிப் போய்விடாதீர்கள். கரித்தணலில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

இதே வேலைக்கு வாங்குகிறவர்கள் மடக்கு வகைச் சதுரப் பெட்டி கிரில் பக்கம் போக வேண்டாம், டிரம் அதில் உட்காராது. வட்டக் கிண்ணம், மூடியிலும் அடியிலும் துளை, இவை இருந்தால் எடுங்கள். வெப்பமானியைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். போன முறை மிஞ்சிய எலும்பை அத்தை மிளகு ரசத்தில் போட்டுக் கொதிக்க வைத்தார். அந்த ரசம் கேட்டு இந்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார்கள். டிரம்மைக் கழுவி வண்டியில் ஏற்றியாகிவிட்டது.