நாடகமா, நேர்ப்பேச்சா, வாசிப்பா: 83-ஐப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

கோத்தகிரிப் பக்கம் டான்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீடுகளில் வளரும் பிள்ளைகளை ஊருக்குள் இன்னமும் ‘சிலோன்காரங்க’ என்பார்கள். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. இலங்கையின் தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் தெரியாது. 1983 ஜூலையில் கொழும்பில் கலவரக் கும்பல் வாக்காளர் பட்டியலோடு தமிழர் வீடுகளைத் தேடி வந்ததும், அந்தத் தீ மலையகத்துப் பதுளை வரை ஏறியதும் தெரியாது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இதை மேடையில் சொல்ல நாங்கள் சிலர் மூன்று வழிகளையும் முயன்று பார்த்தோம்.

முதலில் முழு நாடகம். வேஷம், சிவப்பு விளக்கு, பறை. கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் கடை எரிகிற காட்சியில் கும்பலாக நடித்த பையன்களுக்குத்தான் விசில் பறந்தது! அடிதடியை நடித்துக் காட்டினால் அடிக்கிறவன்தான் மேடையை நிரப்புவான். காமன் கூத்தில் மன்மதனை எரித்த சிவனைவிட ஒப்பாரி வைக்கும் அவன் மனைவி ரதிதான் மனதில் நிற்பாள். அதைக் கட்டியவர்களுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்து, உயிர் பிழைத்தவரே பேசுவது. பெல்ஜியத்தின் குரூபோவ் குழு போட்ட ‘ருவாண்டா 94’ இப்படித்தான் தொடங்கும். 1994 ருவாண்டா இனப்படுகொலையில் கணவரையும் மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்த செவிலியர் யோலாந்த் முகாகசானா மேடையில் உட்கார்ந்து தன் கதையைத் தானே சொல்வார். எங்களுக்கு ஒரு பாட்டி பேசினார். அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. வலு என்று பார்த்தால் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று மகள் சொன்னார். அடுத்த பள்ளிக்கும் வாங்க என்று எந்த வாயால் கேட்பது?

மூன்றாவது, வாசிப்பு. பிராங்க்ஃபர்ட்டில் நடந்த ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாம் வழக்கின் சாட்சியங்களைச் சுருக்கி பீட்டர் வைஸ் 1965-இல் ஒரு நாடகம் எழுதினார். அதில் முகாம் வராது, பேச்சு மட்டும்தான். நாங்களும் பாட்டி சொன்னதைப் பதிவு செய்து, சொல் மாற்றாமல் எழுதி, நாலு ஸ்டூல் போட்டுப் பிள்ளைகளை வாசிக்க வைத்தோம். வேண்டாத இடங்களைப் பாட்டியே பென்சிலால் அடித்துக் கொடுத்தார். ஏன் என்று கேட்கவில்லை. ஒத்திகையில் பேச்சுப்போட்டி வாடை அடித்தது. மனப்பாடம் செய்யாதீர்கள், தாளைப் பார்த்தே படியுங்கள் என்றதும் அது போனது.

ஒரு இடத்தில், கலவரக்காரர்கள் வாளியைக் காட்டி ‘இது என்ன’ என்று கேட்கிறார்கள். சிங்களத்தில் ‘பால்திய’. ‘பல்’ என்ற சொல்லில் வரும் ப அல்ல, ‘கம்பம்’ என்ற சொல்லில் வரும் ப. அது நாக்கில் வராவிட்டால் தமிழர் என்று தெரிந்துவிடும். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ப தானே? வாசித்த பெண் ‘பல்’லில் வரும் ப-வாகவே சொல்லிவிட்டாள். முன்வரிசையில் இருந்து பாட்டி, “இப்படிச் சொல்லியிருந்தா நான் இங்க இல்ல கண்ணு” என்றார். அந்தப் பெண் அடுத்த வரிக்குப் போக வெகுநேரம் ஆனது.

என் ஓட்டு வாசிப்புக்கே. பாட்டி வராத நாளிலும் அவர் சொல் போகும், செலவும் ஜெராக்ஸ் காசுதான். ஆனால் எட்டாம் வகுப்புக்குக் கீழே எடுபடாது, நெளிய ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர்களுக்குத் தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரம் வந்த ராமானுஜம் கப்பலும், அதில் வந்த டிரங்குப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதும் போதும். தீ வேண்டாம்.