ஸ்டுடியோ டிஸ்ப்ளே: 30,000 ரூபாய்க் கண்ணாடியும் அதைத் துடைக்கும் துணியும்

ஆப்பிளின் ஸ்டுடியோ டிஸ்ப்ளே மானிட்டரை வாங்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: பிரதிபலிப்பைச் சிதறடிக்கும் நானோ டெக்ஸ்சர் கண்ணாடி எடுக்கலாமா, சாதாரணக் கண்ணாடியே போதுமா? 27 அங்குல அளவு, 5கே துல்லியம், 600 நிட்ஸ் பிரகாசம் எல்லாம் இரண்டிலும் ஒன்றே. 2022 மார்ச்சில் அறிமுகமானபோது இந்திய விலை 1,59,900 ரூபாய். நானோ டெக்ஸ்சர் என்றால் 1,89,900. அந்த 30,000 ரூபாய் வித்தியாசத்தைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் உள்ள அறையில் நானோ டெக்ஸ்சர் திரை அற்புதம். வழக்கமான மேட் (பளபளப்பில்லாத) திரைகளின் சொரசொரப்பான மேற்பரப்பால், வெள்ளைப் பின்னணியில் மணல் தூவியதுபோல ஒரு மினுமினுப்பு தெரியும். இதில் கண்ணாடியையே நானோமீட்டர் அளவில் அரித்திருக்கிறார்கள். ஜன்னல் கம்பிகளோ ட்யூப்லைட்டோ உருவமாக விழுவதில்லை, மெல்லிய வெளிச்சமாகப் பரவிக் கரைந்துவிடுகின்றன. நாள் முழுக்க எழுத்தோடு மல்லுக்கட்டும் கண்ணுக்கு அது பெரிய நிம்மதி. அப்படிப் பரவும் வெளிச்சத்தால் கறுப்பு சற்றே சாம்பலாகும், பொடி எழுத்தின் விளிம்பு ஒரு துளி மழுங்கும். வெளிச்சத்தைக் கட்டுப்படுத்திய அறையில் வேலை செய்பவருக்கு இதில் நட்டம்தான்.

ஓயாத எரிச்சல் துடைப்பதில் இருக்கிறது. விரல் பட்டால் எண்ணெய்ப் பசை அந்த நுண்பள்ளங்களில் நிரம்பிக்கொள்ளும். அந்த இடம் மட்டும் வழவழப்பாகி, பக்கவாட்டு வெளிச்சத்தில் பளபளவென்று திட்டாகத் தெரியும். சட்டை நுனியால் துடைத்தால் பசை இன்னும் அகலமாகப் பரவும். டிஷ்யூ, கண்ணாடி துடைக்கும் நீல திரவம், வினிகர் எதுவும் கூடாது. பெட்டியோடு வரும் துணி ஒன்றுதான் அனுமதி.

துடைக்கும் முன் மானிட்டரின் மின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். கறுப்புத் திரையில்தான் கறை தெரியும். முதலில் அழுத்தாமல் தூசியை மட்டும் தட்டி எடுங்கள். தூசியோடு அழுத்தித் தேய்த்தால் அது உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும். துணியை நான்காக மடித்து, ஒரு பக்கம் அழுக்கானதும் மறுபக்கத்துக்கு மாறுங்கள். போகாத கறைக்கு 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியின் ஒரு மூலையில் மட்டும் நனைத்து ஒற்றுங்கள். திரைமீது நேராகத் தெளித்தால் கீழ் விளிம்பில் வடிந்து உள்ளே இறங்கிவிடும். துணியைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கையால் துவைத்து, நன்றாக அலசி, குறைந்தது 24 மணி நேரம் காற்றில் உலர்த்த வேண்டும்.

அந்த 24 மணி நேரம் திரையைத் துடைக்க வேறு துணி கிடையாது. இன்னொன்று வாங்கப் போனால், 2021 அக்டோபரில் அந்தத் துணிக்கு வைத்த விலை 1,900 ரூபாய்! 1.9 லட்சம் வாங்கிக்கொண்டு பெட்டியில் இரண்டு துணி வைக்க மனம் வராதா? 2009-ல் 17 அங்குல மேக்புக் ப்ரோவுக்கு மேட் திரை வேண்டுமென்றால் கூடுதலாக 50 டாலர்தான். 2024 மேக்புக் ப்ரோவில் நானோ டெக்ஸ்சருக்கு 150 டாலர், இந்த மானிட்டரிலோ 300. கண் கூசாமல் வேலை செய்வதை ஆடம்பரமாக்கி விற்பதுதான் கோபத்தைக் கிளப்புகிறது.

ஆகவே, இவ்வளவு புகழ்ந்த பிறகும் என் பதில்: எடுக்காதீர்கள். முதலில் திரை வரப்போகும் இடத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிமிர்த்தி வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, அறையில் வெளிச்சம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் அதில் என்ன தெரிகிறதென்று பாருங்கள். ஜன்னல் தெரிந்தால், அது பக்கவாட்டில் வரும்படி மேசையை 90 பாகை திருப்புங்கள். விளக்கு தெரிந்தால் அதன் இடத்தை மாற்றுங்கள். சாதாரணக் கண்ணாடியிலும் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு உண்டு. பெரும்பாலான அறைகளுக்கு இந்த ஏற்பாடே போதும்.

மேசையைத் திருப்பவே முடியாத அறையென்றால் மட்டும் நானோ டெக்ஸ்சர். எந்தக் கண்ணாடி எடுத்தாலும் ஸ்டாண்டையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். உயரம் மாற்றும் ஸ்டாண்டுக்கு 2022-ல் இன்னொரு 400 டாலர் வைத்தார்கள், சுவரிலோ தனிக் கையிலோ பொருத்த உதவும் வீசா மவுன்ட்டுக்குக் கூடுதல் விலை இல்லை. வாங்கிய பிறகு நாமாகக் கழற்றி மாற்ற முடியாது.