சூப்பர் ட்ரீமில் போர்க் பிரேஸ்: போட்டவன் சொல்கிறேன்

முன் போர்க்கில் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ஒயில் சீல் மறுபடியும் போய்விட்டது. மாற்றி முடித்து, கையில் எண்ணெய் வாடை போவதற்குள் பண்டாரவளைத் தம்பி ஒருவன் கேட்டிருந்தான்: "அண்ணே, நானும் போர்க் பிரேஸ் போடலாம்னு இருக்கேன். உங்களுக்கு எப்படி இருக்கு?" போர்க் பிரேஸ் என்றால், முன் சக்கரத்தைப் பிடிக்கும் போர்க்கின் இரண்டு காலையும் டயருக்கு மேலே சேர்த்துக் கட்டும் பட்டை. கேட்ட நேரம் சரியில்லை. இதில் காரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் அவனைத்தான் திட்ட வேண்டும்.

வண்டி ஹொண்டா சிபி 250 என், சூப்பர் ட்ரீம் என்பது இதுதான். 1978இல் வந்த மாடல், அதன் ஜாதகம் தெரியாதவர்கள் இந்தப் பக்கமே வரமாட்டார்கள். இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். போர்க் குழாய் 33 மில்லிமீட்டர், இன்றைய வண்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் ஒல்லிக்குச்சி. முன்னால் ஒற்றை டிஸ்க். பிரேக்கை அழுத்தினால் டிஸ்க் இருக்கிற பக்கத்துக் கால்தான் இழுபடும், மற்றக் கால் வேடிக்கை பார்க்கும். இரண்டு காலையும் கீழே அச்சு சேர்த்துப் பிடிக்கிறது, டயருக்கு மேலே மட்கார்ட்டின் இரும்புப் பாலம். என் வண்டியை முன்பு வைத்திருந்தவர் துருப்பிடித்த அந்த மட்கார்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் ஒன்றை மாட்டியிருந்தார். நம் ஊர்ப் பனிக்கும் மழைக்கும் குரோம் எத்தனை காலம் நிற்கும்? அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் மட்கார்ட்டோடு அந்தப் பிடியும் போயிற்று.

நுவரெலியாவிலிருந்து லபுக்கலை வழியாக றம்பொடைக்கு இறங்கும்போது அது நன்றாகத் தெரியும். வளைவுக்குள் போன பிறகு எதிரே பஸ் வந்து பிரேக் பிடித்தால், ஹேண்டில் ஒரு பக்கம் பார்க்கும், சக்கரம் ஒரு பக்கம் பார்க்கும். வளைவின் நடுவில் தார் ஒட்டுப் போட்டிருந்தால் ஒரு கால் முதலில் ஏறி, மற்றது யோசித்துப் பிறகு ஏறும். விழுத்திவிடாது. ஆனால் வீடு வந்து சேரும்வரை தோள் இறுகியே இருக்கும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் எடுத்த எடுப்பில் பிரேஸ் தேடிப் போகவில்லை. முதலில் ஸ்டியரிங் பெயாரிங்கைப் பார்த்தேன். குண்டுகள் ஓடும் கிண்ணத்தில் பள்ளம் விழுந்திருந்தது. டேப்பர் பெயாரிங் போட்டு, டயரும் மாற்றியதும் நேர் ரோட்டில் இருந்த ஆட்டம் நின்றது. பிரேக் பிடிக்கும்போது வரும் முறுக்கு மட்டும் நிற்கவில்லை. பிரேஸின் வேலை அந்த முறுக்குக்குத்தான். வளைந்த குழாயையோ தேய்ந்த பெயாரிங்கையோ அது சரிசெய்யாது, மறைத்துத்தான் வைக்கும்.

இத்தாலியில் டரோசி, ஜெர்மனியில் டெலிஃபிக்ஸ் என்று பழைய வண்டிகளுக்குப் பிரேஸ் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அனுப்பும் கூலி, சுங்கம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். அந்தக் காசுக்கு இரண்டு டயரும் செயின் செட்டும் வாங்கலாம். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கேட்டால் வேறு வண்டியின் பிரேஸைக் காட்டி "இது சரியாப் போகும்" என்கிறார்கள். போகாது. கடைசியில் ஹட்டனில் ஒரு லேத் பட்டறை பாஸிடம் போனேன். "ரெண்டு காலுக்கும் ஒரு பட்டையை வெல்ட் பண்ணிருவமா?" என்றார். அலுமினியக் காலில் வெல்டிங்! தேநீர் வாங்கிக் கொடுத்து அந்த யோசனையை மறக்க வைத்தேன்.

மட்கார்ட் பூட்டும் துளைகளிலேயே பூட்டுவது ஒரு வகை. கால்களின் மேல் முனையைச் சுற்றிக் கவ்வுவது இன்னொரு வகை. என் வண்டியில் ஒரு பக்கத்து மட்கார்ட் மரை தேய்ந்திருந்ததால் கவ்வும் வகையே கதி. 10 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் வெட்டினோம். அளவு எடுப்பதுதான் இதில் பெரிய வேலை. 33 என்பது உள்ளே போய்வரும் குழாயின் அளவு. பிரேஸ் கவ்வுவது வெளிக் காலை, அதை வேர்னியர் வைத்துத் தனியாக அளக்க வேண்டும். பிறகு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு போர்க்கை அடிவரை அமுக்கிப் பார்க்க வேண்டும். பிரேஸ் மேலே வந்து, போர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் கீழ் யோக்கில் முட்டினால் பெரிய குழியில் விழும் நாளன்று தெரியும், தெரிந்து பயனில்லை.

பூட்டும் முறையைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், பலர் கெடுப்பது இங்கேதான். பிரேஸை வைத்து நான்கு போல்ட்டையும் ஒரேயடியாக இறுக்கினால் அது இரண்டு காலையும் உள்ளே இழுக்கும், இல்லாவிட்டால் வெளியே தள்ளும். அப்புறம் போர்க் ஏறி இறங்க மறுக்கும். முதலில் அச்சைப் பிடிக்கும் கவ்வியைத் தளர்த்தி, ஹேண்டிலை அமுக்கி அமுக்கி விட வேண்டும். கால்கள் தங்களுக்குப் பிடித்த இடத்தில் போய் நிற்கும். அப்போது அச்சுக் கவ்வியை இறுக்கி, பிரேஸைத் தளர்வாக மாட்டி, இன்னும் கொஞ்சம் அமுக்கிவிட்டு, மாறி மாறி சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். இடைவெளி இருந்தால் போல்ட்டை வைத்து இழுக்காமல் மெல்லிய தகட்டு வாஷர் வைத்து நிரப்ப வேண்டும். எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும். வீரம் காட்டினால் வெளிக் கால் நசுங்கி முட்டை வடிவமாகும், உள்ளே குழாய் வழுக்கி ஓடும் புஷ் இறுகிப் பிடிக்கும்.

பலன்? அதே றம்பொடை இறக்கம், அதே பஸ். விரல் பிரேக்கில் படும்போதே சக்கரம் நான் பார்க்கும் பக்கத்தைப் பார்க்கிறது. பழைய வண்டி வேகமாகிவிடவில்லை, சஸ்பென்ஷன் மென்மையாகிவிடவுமில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிறது, அவ்வளவுதான். ரதல்ல குறுக்குப் பாதையில் பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு இறங்கியபோது, இதற்குக் கொடுத்த காசு வீணில்லை என்று வாய்விட்டே சொன்னேன்.

இனி வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். கவ்வும் வகைப் பிரேஸ், காலின் தலையில், தூசி உள்ளே போகாமல் தடுக்கும் தூசிச் சீலை ஒட்டி ஒரு விளிம்பு வைக்கிறது. தகட்டில் செய்த என்னுடையதில் அது நல்ல அகலம். மழையில் தோட்டத்து ரோட்டில் போனால் டயர் அள்ளி எறியும் சேறு அந்த விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கழுவினால் மேலே இருப்பது போகும், சீலுக்கும் பிரேஸுக்கும் நடுவில் இருப்பது போகாது. பழைய டூத்பிரஷ்ஷை விட்டுக் கிண்டினால் அம்மியில் அரைத்த மாதிரி வழவழவென்று ஒரு விழுது வரும், விரலில் தேய்த்தால் மணல் நெறுநெறுக்கும். போர்க் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த விழுது சீலைத் தின்கிறது. அரம் எடுத்து விளிம்பில் ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டேன். தண்ணீர் ஓடுகிறது, மண் ஊரைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

இதற்கு மருந்து எல்லோருக்கும் தெரியும்: மடிப்பு மடிப்பான அந்தக் கால ரப்பர் உறை. ஆனால் அந்த உறை வந்து பிடிக்க வேண்டிய இடம் காலின் தலை, அங்கேதான் பிரேஸ் குந்தியிருக்கிறது. கீழே இறக்கலாம் என்றால் மட்கார்ட் நிற்கிறது. ஆக, முறுக்கு வேண்டாமா, சேறு வேண்டாமா, ஒன்றைத் தேர்ந்துகொள் என்கிறது வண்டி. இரண்டும் வேண்டாம் என்றால் நுவரெலியாவில் இருக்கக் கூடாது போல.

இந்த முறை சீல் போனது டிஸ்க் பக்கம். எண்ணெய் காலில் வழிந்து பிரேக் பேடுக்குப் போவதற்குள் பார்த்துவிட்டேன். பிரேஸைக் கழற்றப் போனால் ஸ்டெயின்லெஸ் போல்ட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளை மாவாகப் பூத்து, போல்ட் அசையவில்லை. செப்பு கிரீஸ் பூசித்தான் மாட்டினேன், எங்கள் ஈரத்துக்கு அதுவும் காணாது. பிரேஸ் இல்லாத போர்க்கில் சீல் மாற்றி ஒரு மத்தியானத்தில் எழுந்துவிடலாம். இதில் சீல் முடிந்த பிறகு தளர்த்து, அமுக்கு, இறுக்கு என்று மேலே சொன்ன பூஜை முழுவதும் மறுபடி முதலிலிருந்து.

தம்பி, உன்னுடையது ஹொண்டா பென்லி 125. அதன் டிரம் பிரேக்கும் ஒரு காலைப் பிடித்துத்தான் இழுக்கும், ஆனால் அந்த டிரம்முக்கு இழுக்கப் பலம் எங்கே இருக்கிறது? இரும்பு மட்கார்ட்டும் அப்படியே இருப்பதாகச் சொல்கிறாய். அதன் போல்ட் எல்லாம் இறுக்கமா என்று பார். ஸ்டியரிங் பெயாரிங்கைக் கழற்றிப் பார். மிச்சக் காசுக்கு நல்ல டயர் போடு. பிரேஸ் போடாதே, அண்ணன் சொல்கிறேன்.

என்னுடையதை விலைக்குத் தருவீர்களா என்று கேட்டு வராதே. கழற்றுவதாக இல்லை. பென்லிக் காலுக்கு அந்த அளவு பொருந்தவும் பொருந்தாது.