நாலு பவுன் குண்டா, இரண்டரைப் பவுன் குண்டா? .458-க்கு எது பொருத்தம்

மூணாறில் எங்கள் வீட்டுப் பீரோவில் ஒரு பழைய பிஸ்கட் டின் கிடக்கிறது. அதற்குள் இரண்டு வெள்ளி ரூபாய், தாத்தாவின் மூக்குப்பொடி டப்பா, அப்புறம் காளான் மாதிரி விரிந்து ஒரு பக்கம் கிழிந்துபோன ஒரு குண்டு. தாத்தா தோட்டத்துத் துரைக்கு வேட்டைத் துணையாகப் போனவர். காட்டுமாட்டின் முன்சப்பையில் பதினைந்து தப்படி தூரத்தில் பட்ட குண்டு அது. எலும்பைத் தாண்டவில்லை. இரண்டாவது குழலில் துரை சாலிட், அதாவது விரியாத குண்டு, போட்டிருந்ததால்தான் தானும் அவரும் வீடு திரும்பினோம் என்பார் தாத்தா.

துப்பாக்கி .450/400 இரட்டைக் குழல். குண்டு 400 கிரெய்ன், அதாவது 26 கிராம். பஜாரில் தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 14 கிராம்கூடத் தேறவில்லை. மீதி மாட்டுக்குள்ளேயே தூளாகிவிட்டது.

மச்சான் ஆஸ்திரேலியாவில் டார்வின் பக்கம் வேலை பார்க்கிறான். அங்கே காட்டில் திரியும் எருமைகளை லைசென்ஸும் நிலக்காரர் அனுமதியும் இருந்தால் சுடலாம். அவன் .458 வின்செஸ்டர் மேக்னம் துப்பாக்கி ஒன்று வாங்கியிருந்தான். பித்தளைக் கேஸில் மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டாவும் அவனே கட்டுகிறான். "மாமா, நண்பர் ஒருத்தர் 300 கிரெய்ன் குண்டு ரெண்டு டப்பா சும்மா குடுத்தார். அளவு சரியா இருக்கு, போட்டுரலாமா?" என்று கேட்டான். போன ஜூலையில் நான் அங்கே போயிருந்தபோது ரேஞ்சில் சோதித்தே பார்த்துவிட்டோம். சுட்டது அவன். மாட்டுச் சதைக்குப் பதிலாக வைக்க, ஊறவைத்த பேப்பர் கட்டுகளைச் சுமந்தது நான்.

எடையை நம் கணக்கில் சொன்னால் பிடிபடும். 500 கிரெய்ன் குண்டு 32 கிராம் சொச்சம், கிட்டத்தட்ட நாலு பவுன். 300 கிரெய்ன் இரண்டரைப் பவுனுக்கு ஒரு பொட்டு குறைவு. இரண்டுக்கும் சுற்றளவு ஒன்றுதான், ஒரே குழலில் போகும். ஆனால் அந்த 300 கிரெய்ன் ஹாலோ பாயின்ட் இந்தத் துப்பாக்கிக்காகப் பிறந்ததே இல்லை. அது .45-70-க்காகச் செய்தது. 1873-இல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த கருமருந்துத் தோட்டா. அதன் 405 கிரெய்ன் குண்டு இன்றைக்கும் கடைத் தோட்டாவில் வினாடிக்கு 1330 அடி வேகத்தில்தான் கிளம்புகிறது, 100 கெஜத்தில் 1170-க்கு இறங்கிவிடும். அவ்வளவு மெதுவாகப் போகிற குண்டு மானுக்குள் விரிய வேண்டுமென்றால் ஈயத்தின் மேலுள்ள செப்பு உறை மெல்லிசாக இருக்க வேண்டும், மூக்கில் குழி இருக்க வேண்டும், அதுதான் ஹாலோ பாயின்ட். அதையே மேக்னத்தில் போட்டு 2400 அடிக்கு மேல் விரட்டினால்?

விரட்டிப் பார்த்தோம். ஈரப் பேப்பரில் ஒரு சாண் ஆழத்துக்குள் எல்லாம் முடிந்தது. முதல் கட்டில் பெரிய பள்ளம், உள்ளே கிழிந்த செப்புத் தகடு, ஈயப் பொடி. கைக்குக் கிடைத்த பெரிய துண்டு சுண்டைக்காய் அளவுதான். முயலுக்கு இது அதிகம், எருமைக்கு இது போதாது. வீட்டு டின்னில் இருக்கும் குண்டின் தம்பி என்று சொல்லலாம்.

அடுத்து 500 கிரெய்ன் வுட்லீ வெல்ட்கோர். ஆஸ்திரேலியச் சரக்கு. உறையும் ஈயமும் பிரியாதபடி ஒட்டவைத்தது. வுட்லீக்காரர்களிடம் எனக்குப் பிடித்த விஷயம், ஒவ்வொரு குண்டும் எந்த வேகத்துக்கும் எந்த வேகத்துக்கும் இடையில் மோத வேண்டும் என்று சொல்லியே விற்கிறார்கள். கவனியுங்கள், குழல் வாயில் உள்ள வேகம் இல்லை, மோதும்போது உள்ள வேகம். நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற பழைய பெருவேட்டைத் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டால் .470, .450/400 எல்லாம் 2150 அடிக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். .470-இன் 500 கிரெய்ன் குண்டு 100 கெஜத்தில் 1890. காட்டில் சுடுவது ஐம்பது கெஜத்துக்குள். ஆக 1900-க்கும் 2150-க்கும் நடுவில் ஒழுங்காக விரிந்தால் அந்தக் குண்டு பாஸ். மச்சானின் துப்பாக்கியில் வேகம் அளக்கும் குரோனோகிராப் காட்டியது 2080. மேக்னத்துக்குப் பெட்டியில் 2150 என்று போட்டிருந்தாலும் குட்டைக் குழலில் இப்படித்தான் வரும். பேப்பரில் இரண்டே முக்கால் அடி போய், ஒழுங்கான காளானாக, முக்கால்வாசிக்கும் மேல் எடையோடு உட்கார்ந்திருந்தது. எனக்கு அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை.

மச்சானுக்கு மட்டும் செப்புக் குண்டு மேல் ஒரு ஆசை. பார்ன்ஸ் 450 கிரெய்ன் டிஎஸ்எக்ஸ். ஈயமே கிடையாது, முழுச் செம்பு, மூக்கில் குழி, பட்டதும் நாலு இதழாக விரியும். உடையாது, எடை குறையாது, ஆழம் போகும். இதில் பிடிக்கவேண்டிய குறை எதிர்ப்பக்கம் இருக்கிறது. ஈயம் மெதுவான வேகத்திலும் நசுங்கிக் கொடுக்கும். செம்பு கொடுக்காது, அதற்கு வேகம் வேண்டும். 2200-இல் கிளம்பி ஐம்பது கெஜத்தில் மோதினால் அழகாக விரிகிறது. 200 கெஜத்துக்கு அப்பால் சுட்டால் விரியாமல் ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போகும் வாய்ப்பு உண்டு. அத்தனை தூரத்தில் எருமையைச் சுடுகிறவனுக்கு .458 எதற்கு? .375 எச் அண்ட் எச் வாங்கட்டும். 1912-இல் வந்தது, 300 கிரெய்னை 2530 அடிக்குத் தள்ளும். செப்புக் குண்டுக்கு அந்த வேகம்தான் சொந்த ஊர்.

வேகம் கூடக் கூட நல்லது என்ற எண்ணம் வேட்டைக்காரர்களிடம் சாமானியமாகப் போவதில்லை. ஜான் நாஸ்லர் 1946-இல் கனடாவில் சேறு அப்பிய மூஸ் என்ற பெரிய மான் ஒன்றை .300 மேக்னத்தால் சுட்டார். வேகமான குண்டு உள்ளே இறங்காமல் மேலேயே சிதறியது. அந்தக் கடுப்பில் செய்ததுதான் 1948-இல் வந்த பார்ட்டிஷன் குண்டு. நடுவில் ஒரு செப்புச் சுவர், முன் ஈயம் போனாலும் பின் ஈயம் தங்கும். மெதுவான குண்டை வேகமாக்கினால் உடையும், வேகமான குண்டை மெதுவாக்கினால் விரியாது. பிஸ்கட் டின்னிலிருந்து நாஸ்லர் வரைக்கும் ஒரே சங்கதி.

இதில் நம் வெயிலுக்கும் பங்கு உண்டு. அந்தக் காலத்துத் தோட்டாக்களில் கார்டைட் மருந்து. வெயிலில் சூடேறினால் அழுத்தம் எகிறும், இரட்டைக் குழல் திறக்காமல் இறுகிக்கொள்ளும். அதனால் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மருந்தைக் கொஞ்சம் குறைத்து 'ட்ராபிக்கல்' என்று தனியாகக் கட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், மூணாறில் ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி. அந்தக் குளிரில் மருந்து குறைந்த தோட்டாவைச் சுட்டால் வேகம் இன்னும் இறங்கியிருக்கும். அப்படியும் தாத்தாவின் குண்டு உடைந்திருக்கிறது என்றால் அதன் உறை எவ்வளவு மெல்லிசு என்று பார்த்துக்கொள்ளுங்கள். டார்வினில் மச்சானுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆஸ்திரேலியாவிலேயே முல்வாலாவில் செய்யும் ஏடிஐ கம்பெனி மருந்துகளில் சில சூடு, குளிருக்கு அவ்வளவாக அசையாதவை. ஆனாலும் வண்டி டேஷ்போர்டில் தோட்டாவை வெயில் காயப் போடாதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாலிட் பற்றி இரண்டு வார்த்தை போதும். விரியாத குண்டு, எலும்பு உடைக்க. உருண்டை மூக்கைவிடத் தட்டை மூக்கு நேராகப் போகிறது. துரை செய்தது மாதிரி இரண்டாவது தோட்டாவாக வைத்துக்கொள்ளலாம். எருமைக் கூட்டத்தில் முதல் வெடிக்குச் சாலிட் போட்டால் பின்னால் நிற்கிற மாட்டையும் சேர்த்துத் துளைக்கும்.

இங்கே எங்களுக்கு இதெல்லாம் பேச்சோடு சரி. 1972 வனவிலங்குச் சட்டத்தோடு துரைமார் வேட்டை முடிந்தது, அவர்கள் மான் துரத்திய இரவிகுளம் 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. 2022 மே மாதத்தில் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவு கொடுக்கும் அதிகாரத்தைக் கேரள அரசு பஞ்சாயத்துத் தலைவருக்குக் கொடுத்தது; லைசென்ஸ் உள்ளவர் சுடலாம், இறைச்சியைத் தொடக்கூடாது என்று ஏற்பாடு. அதற்கு வருவது பெரும்பாலும் 12 போர் துப்பாக்கிதான். ஸ்லக் என்ற ஒற்றை ஈயக் குண்டு ஒரு அவுன்ஸ், 1500 அடிப் பக்கம். மெத்தென்ற ஈயம், மெதுவான வேகம், நாற்பது கெஜத்துக்குள் பன்றி. அந்த ஜோடி சரியாகத்தான் இருக்கிறது, யாரும் கணக்குப் போட்டுச் சேர்க்காவிட்டாலும்.

மச்சான் 500 கிரெய்ன் வெல்ட்கோர் மூன்று டப்பா வாங்கிவிட்டான். சும்மா வந்த 300-ஐ வீசவும் மனசில்லை. "பன்னிக்குப் போடட்டுமா மாமா?" என்று போன வாரம் கேட்டான். போடலாம், 1700, 1800-க்கு இறக்கிக் கட்டினால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பெரிய கேஸில் கைக்கு வந்தபடி மருந்தைக் குறைத்தால் அழுத்தம் தாறுமாறாகப் போகும், குழலுக்கே ஆபத்து. குறைந்த வேகத்துக்கென்று அச்சில் வந்த கணக்கு இருந்தால் மட்டும் கட்டு, இல்லையென்றால் பக்கத்து வீட்டு .45-70-காரருக்கே கொடுத்துவிடு என்றேன். கொடுத்துவிட்டானாம்.