ஒன்பது கேள்விக்குறிகள்: பவர்ஷெல்லோடு நான்கு வருடம்

பண்டாரவளையில் இருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "மச்சான், 400 பேரின் கணக்கை மாற்ற வேண்டியிருக்கு. நீ பவர்ஷெல்லில்தானே செய்கிறாய், நம்பி இறங்கலாமா?" பவர்ஷெல் என்பது கட்டளைகளை எழுதி விண்டோஸ் வேலைகளை மொத்தமாக முடிக்கும் கருவி. இறங்கு என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஏன் என்று அவனுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டதால், மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே போடுகிறேன்.

ஹட்டன் பக்கம் ஒரு கல்வி நிலையத்தின் நெட்வொர்க்கை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆக்டிவ் டைரக்டரியில், அதாவது நெட்வொர்க்கில் உள்நுழைவோரின் கணக்குகளை ஒரே இடத்தில் வைத்திருக்கும் விண்டோஸ் வசதியில், 312 மாணவர் கணக்குகள். ஒவ்வொரு வருடமும் வகுப்பு மாறும், குழு மாறும், காலாவதித் தேதி மாறும். முதல் வருடம் ஒவ்வொரு கணக்காகத் திறந்து மாற்றினேன். இரண்டு நாள் முழுசாகப் போனது. அப்புறம் பட்டியலை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) ஆக்கி, பவர்ஷெல்லின் இம்போர்ட்-சிஎஸ்வி கட்டளையால் வாசித்து, கணக்கை மாற்றும் செட்-ஏடியூசர் கட்டளைக்கு அனுப்பப் பழகினேன். பிளேன்டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். 312 கணக்கிலும் ஒரே தேதி வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போது வரும் நிம்மதி இன்றைக்கும் குறையவில்லை.

இருந்தும் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. காரணம் பெயர்கள்.

உள்நுழையும் பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தாலும், திரையில் தெரியும் பெயரைத் தமிழில் வைக்க ஆக்டிவ் டைரக்டரி இடம் கொடுக்கிறது. எல்லோருக்கும் அப்படியே வைத்தேன். மலையகத்தில் பெயர் சின்ன விஷயம் இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பதிவில் வேறொன்று. லெட்சுமி, லட்சுமி, இலட்சுமி மூவரும் ஒரே அம்மாதான் என்று காட்டச் சத்தியக்கடதாசி முடித்தவர்கள் எங்கள் லயத்திலேயே (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலேயே) உண்டு. அந்த வீட்டுப் பிள்ளை கணினியைத் திறக்கும்போது தன் பெயர் சரியான எழுத்தில் தெரிய வேண்டும் என்று விரும்பினேன்.

இந்த வருடம் பாதுகாவலர் தொலைபேசி இலக்கங்களைச் சேர்க்க, கணக்குகளை எல்லாம் எக்ஸ்போர்ட்-சிஎஸ்வியால் இறக்கி, புது இலக்கங்களைப் போட்டு, திரும்ப ஏற்றினேன். சில பெயர்களில் திருத்தம் இருந்ததால் பெயர் நிரலையும் சேர்த்தே ஏற்றினேன். மறுநாள் காலை ஒரு மாணவி வந்து நின்றாள். "சேர், என் பேரு எங்க போச்சு?"

திரையில் கேள்விக்குறிகள். ராஜேஸ்வரி என்று எழுதினால் ஒன்பது வரும்: உயிர்மெய்யின் கொம்புக்கும் காலுக்கும் புள்ளிக்கும் தனித்தனியாக ஒன்று. விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1 பதிப்பில், என்கோடிங் (எழுத்துகளைக் கோப்பில் எண்களாகச் சேமிக்கும் முறை) என்னவென்று நாம் சொல்லாவிட்டால் எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி அஸ்கி என்ற பழைய ஆங்கில முறையில்தான் எழுதும். அஸ்கியில் இருப்பது 128 குறியீடுகள். தமிழுக்கு அங்கே இடமில்லை. எச்சரிக்கை ஒரு வரி கூட வராது. பெயர் நிரல் வலது ஓரத்தில் கிடந்தது, நான் அதுவரை நகர்த்திப் பார்க்கவில்லை. அதைவிட வலித்தது வேறு: ஒவ்வொரு வருடமும் மாற்றத்துக்கு முன் நான் எடுத்து வைத்த பிரதிகளும் அதே கட்டளையால் எடுத்தவை. நான்கையும் திறந்தேன். நான்கிலும் கேள்விக்குறிகள்.

நான் மிகவும் புகழ்ந்து வந்த வாட்இஃப் என்ன செய்தது? உண்மையில் மாற்றாமல் ஒத்திகை காட்டும் அந்த வசதியை ஒரு தடவையும் நான் விட்டதில்லை. அன்றும் ஓட்டினேன். 312 வரி வந்தது, எல்லாம் ஒழுங்கு. ஆனால் எந்தக் கணக்கில் கைவைக்கப் போகிறது என்று மட்டுமே அது சொல்லும். என்ன மதிப்பை எழுதப் போகிறது என்று காட்டாது. இவ்வளவு நல்ல வசதியை இப்படிப் பாதியில் விட்டிருக்கிறார்களே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

சேர்வு இடாப்பை எடுத்து வைத்து, அலுவலக அக்கா வாசிக்க வாசிக்க இரண்டு பின்னேரம் தட்டினேன். ஒவ்வொரு பெயரிலும் நிறுத்திக் கேட்பேன்: "மூணு சுழி ணவா, ரெண்டு சுழி னவா?" அவரும் சலிக்காமல் சொன்னார்.

நியாயமாகப் பார்த்தால் எக்செல்லுக்கும் பங்கு உண்டு. 051 என்று தொடங்கும் இலக்கத்தின் முன் பூச்சியத்தைத் தின்றுவிடும். 12 இலக்க அடையாள அட்டை எண்ணைச் சுருக்கி, E+11 என்று முடியும் பெருக்கல் வடிவில் காட்டி, சிஎஸ்வியிலும் அப்படியே சேமித்துவிடும். பவர்ஷெல் 7, எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யுடிஎஃப்-8இல் எழுதுகிறது, நல்லது. ஆனால் கோப்பின் தலையில் இது யுடிஎஃப்-8 என்று சொல்லும் அடையாளக் குறி (பிஓஎம்) போடாது. அதனால் எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழுக்குப் பதில் வட்டத்துக்குள் ஆர் போட்ட முத்திரைகள் வரிசையாக வரும். 5.1இல் யுடிஎஃப்8 என்றும், 7இல் யுடிஎஃப்8பிஓஎம் என்றும் கேட்டு வாங்கினால் இரண்டுமே தமிழைச் சரியாகக் கொடுக்கின்றன.

ஆகவே நண்பனுக்கு என் பதில்: குழு, தேதி, கடவுச்சொல் விதி என்று பார்த்தால் இதைவிட நல்ல கருவி நான் கண்டதில்லை. ஆனாலும் இந்த வருடம் நீ இறங்காதே. ஆக்டிவ் டைரக்டரியின் பழைய ஜன்னலிலேயே (யூசர்ஸ் அன்ட் கம்ப்யூட்டர்ஸ்) 40, 50 பேராகத் தெரிவுசெய்து ப்ராப்பர்ட்டீஸைத் திற. தேதி, முகவரி, ஹோம் ஃபோல்டர் எல்லாம் அங்கேயே மாற்றலாம். ஃபோல்டர் பாதையில் சதவீதக் குறிகளுக்கு நடுவே யூசர்நேம் என்று போட்டால் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர் தானாக விழும். ஆட்களின் பெயர்களை அது தொடாது. பிறகும் ஆசை விடாவிட்டால், ஒரே ஒரு கணக்கை இறக்கி ஏற்று. அந்தப் பிள்ளையை உள்நுழையச் சொல்லி, பக்கத்தில் நின்று, பெயரில் புள்ளி புள்ளியாகவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடு.